விரட்டப்பட்ட புலவரின் கோயில்



யப்பானுக்குப் போய் வருபவர்கள் பெரும்பாலும் பூஜி மலையைப் பற்றியும் கியோட்டோவின் பொன் மண்டபத்தைப் பற்றியுந்தான் பேசுவார்கள். நான் இன்று சொல்லவிருப்பது, தெற்கே கியூஷூத் தீவிலுள்ள தஸாய்பு தென்மங்கு என்னும் சிந்தோக் கோயிலைப் பற்றி. அங்கே குடிகொண்டிருக்கும் தெய்வம் ஒரு புலவர். அரசாங்க உத்தியோகம் பார்த்து, பழி சுமந்து, மனம் நொந்து இறந்த ஒரு மனிதர்.

2023ஆம் ஆண்டு அங்கே திருத்த வேலைகள் தொடங்குவதற்கு முந்திய ஒரு பெப்ரவரி மாதத்தில் நான் போனேன். புகுவோக்கா நகரின் தென்ஜின் என்ற பகுதியில் புகையிரதம் ஏறினோம். தென்ஜின் என்பதே அந்தப் புலவர் தெய்வமான பின் பெற்ற பெயர்தான் என்று உடன் வந்த யப்பானிய நண்பர் சொன்னார். கடைத்தெருவுக்கும் புகையிரத நிலையத்துக்கும் பெயராகிப் போன புலவர்!

அவருடைய இயற்பெயர் சுகவாரா நோ மிச்சிஸானே. 845இல் பிறந்தவர். கல்விமான்களின் குடும்பம். சீன மொழியில் கவிதை புனைவதில் வல்லவர். கடினமான அரச பரீட்சைகளில் தேறி, படிப்படியாக உயர்ந்து, 899இல் வலது அமைச்சர் என்னும் பெரும் பதவியை அடைந்தார். இடது அமைச்சராக இருந்தவர் புஜிவாரா குலத்துத் தோக்கிஹிரா. பரம்பரை பரம்பரையாக அதிகாரத்தை வைத்திருந்த குலம் அது. படிப்பால் மேலே வந்த ஒருவரை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பேரரசரை நீக்கிவிட்டுத் தன் மருமகனான இளவரசரை அரியணை ஏற்றச் சதி செய்தார் என்று 901இல் பழி சுமத்தினார்கள். விசாரணை என்று சொல்லத்தக்கதாக எதுவுமில்லை. தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தஸாய்புவுக்கு, பெயரளவிலான ஒரு பதவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வளர்ந்த ஆண்மக்கள் வெவ்வேறு திசைகளுக்கு விரட்டப்பட்டார்கள்.

புறப்படும்போது வீட்டு முற்றத்துப் பிளம் மரத்திடம் அவர் விடைபெற்ற கவிதை யப்பானில் மிகப் பிரசித்தம். அந்த மரம் பிரிவு தாங்காமல் ஒரே இரவில் பறந்து தஸாய்புவுக்கு வந்து சேர்ந்ததாம். கோயிலின் பிரதான மண்டபத்துக்கு முன்னால், வலப்புறத்தில் நிற்கிறது அந்தப் 'பறந்து வந்த பிளம்'. சுற்றுவட்டாரத்திலுள்ள ஆயிரக்கணக்கான மரங்களுக்கு முன்னதாக அதுவே பூக்கும் என்பார்கள். நான் பார்த்தபோது அதன் வெண்ணிறப் பூக்கள் உதிரத் தொடங்கியிருந்தன. மற்ற மரங்களில் இன்னும் மொட்டுக்கள்.

மிச்சிஸானே திரும்பிப் போகவேயில்லை. 903இல் அங்கேயே இறந்தார். விரட்டப்பட்ட காலத்தில் எழுதிய கவிதைகளைத் தொகுத்து, இறப்பதற்கு முன் தலைநகரிலிருந்த நண்பரொருவருக்கு அனுப்பி வைத்தார். அவருடைய உடலை ஏற்றிச் சென்ற வண்டியின் எருது வழியில் படுத்துவிட்டது, எழும்ப மறுத்தது; ஆகவே அங்கேயே புதைத்தார்கள் என்பது ஐதீகம். அந்தப் புதைகுழியின் மேல்தான் கோயில் இருக்கிறது. வளாகத்தில் படுத்திருக்கும் வெண்கல எருதின் தலையைத் தடவினால் அறிவு பெருகும் என்று சிறுவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தலை பளபளவென்று தேய்ந்து போயிருக்கிறது. நானும் தடவினேன், பலனைக் கேட்காதீர்கள்.

அவர் இறந்த பின் நடந்தவைதான் விசித்திரம். 909இல் தோக்கிஹிரா இளவயதிலேயே இறந்தார். 923இல் பட்டத்து இளவரசர் போனார். 930இல் அரண்மனை மண்டபத்தின் மீதே இடி விழுந்து பிரபுக்கள் மாண்டனர். எல்லாம் மிச்சிஸானேயின் ஆவி செய்த வேலை என்று தலைநகர் நடுங்கியது. பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 993இல் அதனினும் பெரிய பதவியையும் கொடுத்தார்கள், இறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு! 919இல் அரச ஆணைப்படி தஸாய்புவில் கோயில் எழுப்ப வந்தவர் தோக்கிஹிராவின் சொந்தத் தம்பி நக்காஹிரா என்பது மரபு. அண்ணன் விரட்டினார், தம்பி கோயில் கட்டினார். இது பக்தியா, பயமா? பயம் என்றே நான் நினைக்கிறேன். உயிரோடு இருந்தவரைத் திரும்ப அழைக்க ஒரு கடிதம் போதுமாயிருந்ததே.

இப்போதுள்ள பிரதான மண்டபம் 1591இல் கட்டப்பட்டது. மரப்பட்டைகளை அடுக்கி வேய்ந்த கனத்த கூரை. திருத்த வேலைக்காக 2023இல் எழுப்பிய தற்காலிக மண்டபத்தின் கூரையில், பறந்து வந்த மரத்தை நினைந்து, மரங்களையே நட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

இரண்டு முறை தலைவணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்குவது அங்குள்ள முறை. பயந்து வணங்கிய தெய்வம் காலப்போக்கில் கல்வித் தெய்வமாகிவிட்டது. பரீட்சைக் காலத்தில் மாணவர் கூட்டம் அலைமோதுகிறது. சிறு மரப்பலகைகளில் வேண்டுதல்களை எழுதிக் கட்டுகிறார்கள்.

"படித்து உயர்ந்ததால்தானே இவர் கெட்டார்? அவரிடமே படிப்பைக் கேட்கிறீர்களே?" என்று நண்பரிடம் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "தோற்றவருக்குத்தான் தோற்பவனின் பயம் தெரியும்" என்றார். பல்கலைக்கழகப் பரீட்சையில் முதல் தடவை தவறியவர் அவர். அந்த ஆண்டு அம்மா எழுதிக் கட்டிய பலகை, இந்த வேலியில்தான் தொங்கியது என்று கையைக் காட்டினார்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், முழங்காலில் பலகையை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மழை தூறத் தொடங்கியது. எழுத்து நனையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டே எழுதினார்.