மடங்கிய விரலும் ஒரு ஊசியும்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் கையில் விரல் மடங்கிப்போனால் பிழைப்பே முடங்கும். உள்ளங்கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். மோதிர விரலோ சுண்டு விரலோ படியாமல், தோலடியில் கயிறுபோல் தடித்திருந்தால் அது டுப்யூட்ரன் நோயாக இருக்கலாம். கயிறு என்பது கொலாஜன் புரதம். அதைக் கரைக்கும் கொலாஜனேஸ் நொதி ஊசிக்கு அமெரிக்கா 2010இல் அனுமதி தந்தது. "அப்புறம் அறுவைக் கத்தி எதற்கு?" என்பீர்கள். ஊசி போட்டாலும் கயிறு மறுபடி வளரலாம். அரிதாகத் தசைநாணும் அறுந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், நம் பக்கம் நெடுங்காலம் விரல்களை மடக்கியது தொழுநோய். அங்கே கெட்டது நரம்பு. கரைக்கக் கயிறே கிடையாது. 1914இல் பிறந்து, தெற்கே கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நல்ல தசைநாணை இடம்மாற்றித் தைத்துத்தான் அவ்விரல்களை நிமிர்த்தினார். தொழுநோயால் மடங்கிய விரலை மறுகையால் நீட்டினால், நோயின் ஆரம்பத்தில் நிமிரும். டுப்யூட்ரன் விரல் நிமிராது.