தாளம் பழகினால் துணிவு வரும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலைக் கல்வி குறித்துப் பேச வேண்டும் என்று கேட்டபோது, ஜாஸ் இசைக் கலைஞர்களின் தாளப் பயிற்சி என்ற தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன். "கணக்கு வாத்தியாருக்கும் ஜாஸுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிற மாணவர், "நீயாக இரண்டு வரி சொல்லப்பா" என்றதும் தலையைக் குனிந்துகொள்கிறார். இதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஜாஸ் கலைஞரோ, எழுதிய தாள் இல்லாமல், நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் நின்று அந்த நொடியிலேயே இசையை உருவாக்குகிறார். அந்தத் துணிவை அவர் எப்படிப் பழகுகிறார் என்று தேடிப் படித்தேன், கேட்டேன். என்ன ஸ்வரம் வாசிப்பது என்பதைவிட, எப்போது வாசிப்பது என்பதில்தான் அவர்கள் நெடுங்காலம் பாடுபடுகிறார்கள் என்பது புரிந்தது.

முதலில் சுருக்கமாக ஓர் அறிமுகம். ஜாஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கறுப்பின மக்களிடையே உருவான இசை. அடிமை முறை இருந்த காலத்திலேயே, அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மக்கள் கூடி, பறை போன்ற கருவிகளை முழக்கி ஆடினார்கள். ஆப்பிரிக்கத் தாளமும் ஐரோப்பியக் கருவிகளும் தேவாலயப் பாடல்களும் வேலைப் பாடல்களும் பின்னாளில் ஒன்றாகக் கலந்தன. நம் கச்சேரிகளில் மனோதர்மம் என்று சொல்கிறோமே, அதுதான் இந்த இசைக்கும் உயிர்.

ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஜாஸின் மிகப் பெரிய ஆளுமைகளில் ஒருவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1901இல் பிறந்தவர், வறுமையில் வளர்ந்தவர். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக, 1913இல் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த இசை ஆசிரியர் பீட்டர் டேவிஸ், அவர் கையில் உடனே கார்னெட் என்ற ஊதுகருவியைக் கொடுத்துவிடவில்லை. முதலில் கையால் தட்டும் சலங்கைத் தட்டான டாம்பரின், அடுத்து முரசு, பிறகுதான் ஊதுகருவிகள், கடைசியாக கார்னெட். தாளம் உடம்பில் ஊறிய பிறகே ஸ்வரம் வந்தது. அந்த ஆசிரியர் வகுத்த வரிசையை மறக்காதீர்கள். அதையே நானும் பின்பற்றிச் சில பயிற்சிகளைச் சொல்கிறேன். இருந்த இடத்திலேயே செய்து பாருங்கள்.

முதல் பயிற்சி, நிற்காத நாடித்துடிப்பு. காலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராகத் தரையைத் தட்டுங்கள். இப்போது கைதட்டலை ஒன்றிலும் மூன்றிலும் போடாமல், இரண்டிலும் நான்கிலும் போடுங்கள். நம் கை ஒன்றாவது அடியைத் தேடி ஓடும், விடாதீர்கள். ஜாஸ் மாணவர்கள் தாளமானியை இரண்டும் நான்கும் மட்டும் ஒலிக்குமாறு வைத்துக்கொண்டு பழகுவார்கள். ஒன்று எங்கே இருக்கிறது என்பதைக் கருவி சொல்லாது. மாணவரே அதை உள்ளுக்குள் வைத்திருக்க வேண்டும். கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் பிரெடி கிரீன் என்ற கிட்டார் கலைஞர் இருந்தார். 1937இல் சேர்ந்தவர், 1987இல் மறையும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், அடிக்கு ஒரு மீட்டு என்று தாளத்தைத் தாங்கினார். தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்கியதெல்லாம் மிக அரிது. ஆனால் அவர் தாங்கிய தரையில்தான் மற்றவர்கள் ஓடியாடினார்கள்.

இரண்டாவது, ஊஞ்சல் நடை. இதை அவர்கள் ஸ்விங் என்பார்கள். ஓர் அடியைச் சமமாக இரண்டாக்கினால் "தக தக" என்று வரும். அதையே மூன்றாக்கி, "தகிட தகிட" என்று சொல்லுங்கள். இப்போது நடுவிலுள்ள "கி"யை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள். "தா…ட, தா…ட" என்று முதல் பாதி நீண்டும் அடுத்தது குறுகியும் வருகிறதல்லவா? இதுதான் ஊஞ்சல் நடையின் அடிப்படை. மெதுவான பாடலில் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகத் தெரியும். வேகம் கூடக்கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அளவுகோல் வைத்துக் கற்கிற விஷயம் இல்லை இது. கேட்டு, கூடவே சொல்லிச் சொல்லித்தான் வரும்.

மூன்றாவது, அடிக்கு இடையே விழும் தட்டு. எட்டு வரை எண்ணுங்கள். கால் 1, 3, 5, 7 ஆகிய எண்களில் தரையைத் தட்டட்டும். கை 1இலும் 4இலும் மட்டும் தட்டட்டும். நான்காவது எண் வரும்போது கால் மேலே இருக்கிறது, கை தட்டுகிறது. 1920களில் அமெரிக்காவையே ஆடவைத்த சார்ல்ஸ்டன் நடனத்தின் தாளம் இதுதான். அடுத்து அதே எட்டை "தகிட தகிட தக" என்று பிரித்து, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் தட்டுங்கள். 1, 4, 7 என்று விழும். மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு! ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "எட்டை இரண்டுகளாலும் மூன்றுகளாலும் எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?" என்று கேளுங்கள். கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு விடையும் ஒரு புதிய தாளமாகும். நான்கடித் தாளம் ஓடும்போது மூன்று அடிக்கு ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். தட்டு முதல் சுற்றில் 1, 4, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 2 என்று இடம்மாறி, 12 அடி முடிந்ததும் மீண்டும் ஒன்றில் வந்து சேரும். மீச்சிறு பொது மடங்கைக் காதால் கேட்கலாம்!

இந்தக் கூட்டல் வித்தையை ஜாஸில் புகழ்பெறச் செய்தவர்களில் டேவ் புரூபெக் குழுவினர் முக்கியமானவர்கள். 1959இல் வந்த அவர்களது இசைத்தட்டில் பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' இருக்கிறது. அது ஐந்தடித் தாளம். "தகிட தக" என்று சொல்லிப் பார்க்கலாம். அதே தட்டிலுள்ள இன்னொரு இசை ஒன்பது எண்ணிக்கை கொண்டது. வழக்கமான மூன்று மூன்றாக இல்லாமல், "தக தக தக தகிட" என்று போகும். துருக்கியில் தெருக் கலைஞர்கள் வாசித்ததைக் கேட்டு புரூபெக் அதை எடுத்துக்கொண்டார். பெரிய கலைஞரும் தெருவோரத்தில் நின்று பாடம் கேட்கிறார், பாருங்கள்.

நான்காவது, குறைந்த ஸ்வரம், நிறைந்த தாளம். டியூக் எலிங்டன் 1942இல் பதிவு செய்த 'சி ஜாம் புளூஸ்' என்ற இசையின் மெட்டில் இருப்பவை இரண்டே ஸ்வரங்கள். நம் கணக்கில் பஞ்சமமும் மேல் சட்ஜமமும். சாக்சஃபோன் கலைஞர் சானி ராலின்ஸ் 1956இல் வாசித்த 'செயின்ட் தாமஸ்' பதிவிலும், தன் கற்பனைப் பகுதியை இரண்டு ஸ்வரங்கள் கொண்ட சிறு துணுக்கோடுதான் தொடங்குகிறார். அதையே அடியின் மேல் வைக்கிறார், அடிக்கு முன்னால் தள்ளுகிறார், பின்னால் இழுக்கிறார். கேட்பவருக்குச் சலிப்பே வருவதில்லை. வகுப்புக்கு இது மிகவும் பொருந்தும். பத்து ஸ்வரம் கொடுத்தால் குழந்தை திகைத்துப்போகும். இரண்டு கொடுத்து, "இதை எத்தனை விதமாகச் சொல்வாய்?" என்று கேட்டால் விளையாட ஆரம்பித்துவிடும்.

ஐந்தாவது, கேட்பதும் காத்திருப்பதும். புளூஸ் பாடலில் பாடகர் ஒரு வரி பாடிவிட்டு இடம் விடுவார். அந்த இடத்தில் கருவி பதில் சொல்லும். தனி வாசிப்பில், ஒருவர் நான்கு சுற்று வாசிக்க, முரசுக் கலைஞர் அடுத்த நான்கு சுற்று பதில் கொடுப்பார். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வாசிக்காமல் விட்ட இடங்களுக்கும் பெயர் பெற்றவர். மௌனத்தையும் எண்ணித்தான் விட வேண்டும். எண்ணாமல் விட்டால் அது வெறும் தடுமாற்றம்.

இவற்றை நான் "தகிட, தக" என்று சொல்வது என் வசதிக்காக மட்டும் இல்லை. ஜாஸ் உலகமே நம் சொற்கட்டைத் தேடி வந்திருக்கிறது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், 1970களில் வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை ஜாகிர் உசேன், கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை நடத்தினார். பின்னர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து, கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒளிப்பதிவுப் பாடமே தயாரித்தார். வாயால் சொல்ல முடிந்த தாளத்தை எந்தக் கருவியிலும் வாசிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. நம் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான இசைப்பாடம் வேறென்ன?

இனி என் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை, பத்தே நிமிடம். பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். எல்லோரும் தொடையில் மெல்லத் தட்டித் தாளம் காப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு அடி நேரம். அதில் என்ன வேண்டுமானாலும் தட்டலாம், சொல்லலாம். மூன்று விதிகள் உண்டு. எது நடந்தாலும் தாளம் நிற்கக்கூடாது. யாரையும் பார்த்துச் சிரிக்கக்கூடாது. சும்மா இருப்பதும் ஒரு பதில்தான். அந்த நான்கு அடியும் அவருக்கே உரியவை.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். அவள் முறை வரும்போதெல்லாம் நான்கு அடியும் மௌனமாகக் கடக்கும். வகுப்பு அவளுக்காகத் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். சில வாரங்கள் இப்படியே போயின. ஒருநாள், நான்காவது அடிக்குப் பிறகு, அடுத்தவன் முறை தொடங்குவதற்குள், ஒரே ஒரு தட்டு வந்தது. வழக்கமாக "லேட்" என்று நாம் திருத்துகிற இடம் அது. பக்கத்திலிருந்த மாணவன் அதே தட்டைத் தன் முறையில் எடுத்து மூன்று முறை தட்டினான். வட்டம் முழுவதும் அது பரவியது. அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவள் மதிப்பெண் உயர்ந்தது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அடுத்த மாதம், கரும்பலகைக்கு வந்து கணக்கின் பாதி வரை போட்டுவிட்டு, "இதுக்கு மேல தெரியல சார்" என்று சொன்னாள். தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் ஒரு நிகழ்ச்சியைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இளைஞராக மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தபோது, கச்சேரி நடுவே பொருந்தாத சுரக்கூட்டு ஒன்றை அழுத்திவிட்டார். எல்லாம் கெட்டது என்று கூசிப்போனார். மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தி, அந்தச் சுரக்கூட்டைப் பொருத்தமாக்கும் ஸ்வரங்களைத் தன் டிரம்பெட்டில் வாசித்தார். ஹான்காக் அதைப் பிழை என்று தீர்ப்பளித்தார். மைல்ஸோ நடந்த ஒன்றாக எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொன்னார். நம் வகுப்பில் தவறான விடை ஒன்று வரும்போது நாம் ஹான்காக் போலக் கூசுகிறோமா, மைல்ஸ் போலப் பதில் தருகிறோமா?

ஆசிரியப் பெருமக்களே, சுதந்திரமாக வாசிக்கிற ஜாஸ் கலைஞருக்குக் கீழே சீரான தாளம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை அவரும் காக்கிறார், கூட இருப்பவர்களும் காக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவர் துணிந்து தாவுகிறார். நம் பிள்ளைகள் சொந்தமாகப் பேச வேண்டும், சிந்திக்க வேண்டும் என்று விரும்பினால், அவர்கள் தடுமாறும்போதும் நிற்காத தாளமாக வகுப்பறை இருக்க வேண்டும். அதற்கு, தேர்வு நெருங்குகிறது என்று கலைப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்ளாமல் இருப்போம். கணக்கு ஆசிரியனான நானே இதைக் கேட்கிறேன். மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கும் மாணவரை நாளை பார்த்தால், அதட்டுவதற்கு முன் நான்கு அடி கேளுங்கள். பிறகு, "இன்னொரு தடவை தட்டு" என்று சொல்லிப் பாருங்கள்.