முதலீடும் முதலழிவும்
(பொழிவின் எழுத்து வடிவம்)



முதலை இடுதல் முதலீடு. உழவன் விதைநெல்லை நிலத்தில் இடுவது முதலீடு; அவ் விதைநெல்லையே உலையிலிட்டு உண்பது முதலழிவு. இரண்டிலும் குதிரிலிருந்து நெல் குறைகின்றது; விளைவிலேதான் வேறுபாடு. நகர் வளர்ச்சிக்கென்று ஆட்சியாளர் கொட்டும் கோடிகளையும் இவ் வுரைகல்லிலேயே தேய்த்துப் பார்த்தல் வேண்டும்.

சென்னையை எடுத்துக்கொள்க. மாநகர்த் தொடர்வண்டியின் இரண்டாம் கட்டத்திற்கு, 118.9 கிலோமீட்டர் நீளத்திற்கு, 63,246 கோடி உருபாவென 2024 அக்தோபரில் நடுவணரசு ஒப்புதல் தந்தது. நெரிசலில் நாள்தோறும் மூச்சுத் திணறும் உழைப்பாளிக்கு விரைந்த ஊர்தி வேண்டும்; அதனை மறுப்பாரில்லை. ஆயின், அந் நகர் எதன்மேல் நிற்கின்றது என்பதே கேள்வி.

சென்னைக்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை உண்டு. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாளிலேயே கொட்டித் தீரும். நிலமோ தட்டை, கடலோ அண்மை. தேக்காவிடில் நீர் நில்லாது. இதனை உணர்ந்த முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோற் கோத்து வைத்தனர். மேலேரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே இறங்கி அடுத்த ஏரியைச் சேரும். மதகு வழியே வயலுக்குப் பாயும். மண்ணுள் இறங்கியது கிணற்றிற் சுரக்கும். நீரைத் தாங்குவது தாங்கல். பழவந்தாங்கல் என்னும் பெயர் இன்றும் அதனைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. இதுவே முன்னோர் இட்ட முதல்.

அம் முதல் என்னாயிற்று? 1920களில், வெள்ளையர் ஆட்சியில், மயிலாப்பூர் நெட்டேரியைத் தூர்த்தே தியாகராய நகர் அமைக்கப்பட்டது. அயலான் செய்தான் என்று பழிபோட்டு ஆறுதல் அடைவதற்கில்லை. தமிழர் ஆட்சியிலும் நடந்தது அதுவே. 1976இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நிற்குமிடமும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியே. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர்! அவருக்கு எடுத்த கோட்டத்திற்கே ஓர் ஏரியின் நிலம் வேண்டியிருந்தது. முகப்பேரில் 'ஏரித்திட்டம்' என்றொரு குடியிருப்பு உண்டு. சொல்லைக் கேட்பார் ஏரியைத் திருத்தும் திட்டமென்றே எண்ணுவர். அஃது ஏரி நிலத்தில் வீடு கட்டிய திட்டம். கட்டியது அரசின் வீட்டு வாரியம்.

வாரியம்! எத்துணைப் பழைய சொல்! பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவரைக் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிக்கின்றது. அன்று ஏரியைக் காக்க வாரியம். பின்னாளில் ஏரிக்குள் வீடு கட்ட வாரியம். சொல் இருந்தது, சொல்லின் உயிர் போயிற்று.

விளைவு வெளிப்படை. 2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டது. அவ் வாற்றின்மேற் பாலமிட்டு நீட்டிய ஓடுபாதையையுடைய வானூர்தி நிலையம் வெள்ளத்தில் மூழ்கி நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. நான்காண்டு கழியுமுன், 2019 கோடையில், குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 இலக்கம் இலிட்டர் நீரைத் தொடர்வண்டி சுமந்து வந்தது. மிகினும் துன்பம், குறையினும் துன்பம். இடையில் தேக்கிவைக்கும் தாங்கல் இல்லாமையே இரண்டிற்கும் முகாமையான கரணியம்.

இழந்த முதலுக்கு ஈடாகக் கடலை நாடுகின்றது நகர். நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி இலிட்டர் தரும் உப்பகற்று ஆலை, ஏறத்தாழ 1,500 கோடி உருபாச் செலவில், 2024இல் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி இலிட்டர் ஆலைக்கு 4,276 கோடி உருபாவென 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏரி கேட்டது தூர்வாரலும் கரைகாவலும்; ஆலை கேட்பதோ ஓயாத மின்னாற்றல். விதைநெல்லை உண்டவன் கடன்பட்டு நெல் வாங்கும் நிலை இஃதன்றோ?

இப் பிழையின் சுமையை யார் சுமக்கின்றனர்? 2015 வெள்ளத்தின்பின் அடையாற்றங்கரை ஏழையர் அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்திற் குடியேற்றப்பட்டனர். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலமே! கரையிலிருந்த குடிசை தெரிந்த கண்ணுக்கு, ஆற்றின்மேலுள்ள ஓடுபாதை தெரியவில்லை.

ஆகலின், வேண்டுவன மூன்று. எஞ்சிய ஒவ்வோர் ஏரிக்கும் அளந்து எல்லைக்கல் நட்டு, அவ் வரைபடத்தை ஊரறிய வைத்தல் வேண்டும். பெருந்திட்டம் எதற்கும், அதனால் அழியும் நீர்நிலையின் மதிப்பைச் செலவுக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஏரி வாரியம் மீண்டும் அமைதல் வேண்டும்.

பாலம் கட்டுக, பாதை அமைக்க, ஆயின், நீருக்கு வழிவிட்டுக் கட்டுக. முதலைக் காப்பதே முதற் கடமை. ஏரி என்னும் சொல்லை மட்டுமன்று, ஏரியையும் காத்து அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பதே தமிழ்காக்கும் பணியின் நிறைவாகும்.