அறிக்கை யாருக்காக? கம்போங் மேடான் கேட்கும் கேள்வி

(கம்போங் மேடான் மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



2001 மார்ச் மாதம் இங்கே நடந்ததை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மார்ச் 4-இல் தொடங்கிய வன்முறை பல நாள் நீடித்தது. சும்மா வழியில் போனவர்களும் வெட்டப்பட்டார்கள். 6 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சுஹாகாம் எனப்படும் மலேசிய மனித உரிமை ஆணையம் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2000-இல் செயல்படத் தொடங்கியது. கம்போங் மேடான் பற்றிப் பொது விசாரணை நடத்துங்கள் என்று நம்மவர்கள் அதனிடம் கேட்டார்கள். நீதிமன்றப் படியும் ஏறினார்கள். பலனில்லை. விசாரணை கிடையாது என்று 2003-இல் ஆணையம் முடிவு செய்தது.

விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லையா? இருந்தது. 2000 நவம்பர் 5-இல் கெசாஸ் நெடுஞ்சாலையில் கூடிய மக்களைப் போலீஸ் கலைத்த விதம் பற்றி இதே சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. 2001-இல் அறிக்கையும் வெளியிட்டது. அங்கே முடிந்தது, 6 உயிர் போன இடத்தில் ஏன் முடியவில்லை?

பதில் சட்டத்தில் இருக்கிறது. அதன் 12-ஆவது பிரிவு, ஆணையம் விசாரிக்கலாம் என்கிறது. விசாரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' என்ற இரண்டெழுத்தில்தான் நம் நியாயம் சிக்கிக் கிடக்கிறது.

விசாரணை இல்லையென்றால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாத இடத்தில் வதந்திதான் வரலாறு. இனக்கலவரம் என்கிறான் ஒருவன், குண்டர் சண்டை என்கிறான் இன்னொருவன். நம் மக்கள் தரப்பைச் சொல்ல 2006-இல் 'மார்ச் 8' என்ற தமிழ் நூல் வந்தது. அரசாங்கம் அதையும் தடை செய்தது.

சரி, ஆண்டறிக்கையாவது? 21-ஆவது பிரிவின்படி சுஹாகாம் ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்திற்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தது. ஆனால் அதை மக்களவை முதன்முறையாக விவாதித்தது 2019 டிசம்பரில்தான். அதுவரை அறிக்கைகள் மேசைக்குப் போயின, மேசையோடு நின்றன.

நாட்டிற்கு வெளியே போய் முறையிடலாமே என்பீர்கள். ஆசியான் நாடுகள் 2009-இல் ஒரு மனித உரிமை ஆணையம் அமைத்தன. அதில் உட்காருபவர்களை அரசாங்கங்களே நியமிக்கின்றன. எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அதன் ஆண்டறிக்கை வெளியுறவு அமைச்சர்களிடம் போகிறது. தனி மனிதரின் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடமோ, பாதிக்கப்பட்ட சாதாரண மனிதரே மனு கொடுக்கலாம். அது விசாரித்து அறிக்கையும் வெளியிடும். நம் வட்டாரத்தில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, புகாரை எழுத்தில் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் சார்பில் இன்னொருவரும் சுஹாகாமிடம் கொடுக்கலாம், சட்டம் இடம் தருகிறது. நகலில் 'சாப்' போட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

மூன்றாவது, ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்: சுஹாகாம் அறிக்கையைப் படித்தீர்களா? அதைப் பற்றி அவையில் பேசினீர்களா? உயிர் போன சம்பவங்களில் 'விசாரிக்கலாம்' என்பதை 'விசாரிக்க வேண்டும்' என்று திருத்தக் குரல் கொடுப்பீர்களா?

இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்பது பழிக்குப் பழி அல்ல. என்ன நடந்தது, யார் கடமை தவறினார்கள் என்று எழுதிய ஒரு அறிக்கை. அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்களோடு சேர்ந்து கேட்கும் கடமை நமக்கு உண்டு.