பாட்டுக்குக் கைதட்டினோம், நாடகத்தை என்ன செய்தோம்?

(குண்டடத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று ஒன்றரை ஷிப்ட் முடித்து, இராத்திரி கம்பெனி வண்டியில் வந்து இறங்கியவர்கள் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில் வந்திருக்கிறீர்கள் என்பதால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். நாடகம் போட வேண்டும், அதற்கு முன் நாடகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டீர்கள். நான் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கே.ஏ. குணசேகரன்.

பெயரைச் சொன்னதும் பின்னால் இருக்கிற தோழர் ‘மனுசங்கடா’ என்கிறார். ஆமாம், அவர்தான். வெண்மணிக் கொடுமையை நெஞ்சில் வைத்துக் கவிஞர் இன்குலாப் எழுதிய அந்தப் பாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். நம் கூட்டங்களில் இன்றைக்கும் அது இல்லாமல் மேடை சூடாவதில்லை. ஆனால் அவர் நாடகங்களும் எழுதினார். ‘பலி ஆடுகள்’, ‘சத்திய சோதனை’, ‘பவளக்கொடி அல்லது குடும்ப வழக்கு’, ‘அறிகுறி’, ‘தொடு’. இதில் ஒன்றையாவது படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை வரும்? வெட்கப்பட வேண்டாம். இருபது வருடம் இயக்க மேடையில் நின்ற பிறகுதான் நானே படித்தேன்.

1955இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை என்கிற ஊரில் பிறந்தவர். அன்றைக்கு அது இராமநாதபுரம் மாவட்டம், இன்றைக்குச் சிவகங்கை. தன் இளமைக்காலத்தை ‘வடு’ என்று எழுதினார், 2005இல் வந்தது. தமிழில் ஒரு தலித் எழுதிய தன்வரலாறு என்று சொல்லத்தக்க முதல் சில நூல்களில் ஒன்று. முஸ்லிம்கள் அதிகம் வாழ்ந்த இளையான்குடியில் தன்னை யாரும் சாதி கேட்டுத் தள்ளி நிறுத்தவில்லை, சுற்றியிருந்த கிராமங்களுக்குள் போனால் சாதி வழிமறித்தது என்று அதில் எழுதுகிறார். சில மைல் தூரத்தில் ஒரே பையன் இரண்டு விதமான மனிதனாக ஆகிறான். ஊருக்குள் ஒரு மாதிரியும் கம்பெனிக்குள் ஒரு மாதிரியும் நடக்கப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு நாட்டுப்புறக் கலைகளில் ஆய்வு, ‘தன்னானே’ கலைக்குழு, புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர், சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் என்று அவர் வாழ்க்கை போனது. 2016 ஜனவரியில் இறந்தார். பதவிகளைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் ‘நாட்டுப்புறவியல்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவர் ‘சேரிப்புறவியல்’ என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். நாட்டுப்புறம் என்று பொதுவாகச் சொன்னால் அந்தப் பறையை யார் அடித்தது, அந்த ஒப்பாரியை யார் பாடியது என்பது மறைந்துவிடுகிறது. கலையை மட்டும் மேடைக்கு எடுத்துக்கொண்டு கலைஞனைச் சேரியிலேயே விட்டுவிட்டு வருகிற வேலைக்கு அவர் சொன்ன பதில் அந்தத் தலைப்பு.

இனி ‘பலி ஆடுகள்’. தமிழின் முதல் தலித் நாடகம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் தலித் இலக்கியம், தலித் அரசியல் என்று பெரிய எழுச்சி வந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு பாடகர் நாடகம் எழுதுகிறார் என்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? ஆதிக்க சாதிக்காரன் அடிப்பான், கடைசியில் நம் ஆள் திருப்பி அடிப்பான், விசில் பறக்கும். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

குணசேகரன் எழுதியது வேறு. நரபலி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். யாரைக் கொடுப்பது என்று சாதி ஏணியில் பேச்சு இறங்கி இறங்கி ஒரு தலித் ஆணிடம் வந்து நிற்கிறது. இது வரைக்கும் நமக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகுதான் நாடகம் நம் சட்டையைப் பிடிக்கிறது. அந்த ஆண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் மனைவியைக் கொடுக்கச் சம்மதிக்கிறான். மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் அடித்துக்கொள்ளாமல் ஒத்துப்போகிற ஒரே இடம் அவள் கழுத்து. தலைப்பில் ‘ஆடுகள்’ என்று பன்மையில் இருப்பதை நான் முதல் வாசிப்பில் கவனிக்கவில்லை.

எழுச்சி நடக்கும்போதே இதை எழுதினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒற்றுமையைக் குலைக்கிறாயே, எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாயே என்று நம் தோழர்கள் இன்றைக்கும் பெண்களிடம் சொல்கிறார்களே, அந்த வாதத்தை அவர் மேடைக்கு வெளியே நிறுத்தினார். பாட்டு நம்மை ஒன்றாக நிற்க வைக்கும். நாடகத்தில் ஒருவர் எதிரே இன்னொருவர் நின்றாக வேண்டும். ‘மனுசங்கடா’ பாடுகிற அதே வாயிலிருந்து, அந்த மனுசரில் அவளும் சேர்த்தியா என்று கேள்வி வந்தது. பாட்டுக்கு நாம் கைதட்டினோம். நாடகத்தை எம்.ஏ. பாடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

நம் இயக்கத்துக்கு நாடகம் புதிதல்ல. எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்குப் பயந்து 1954இல் அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. அண்ணாவின் நாடகங்களும், ராதாவுக்காகத் திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீரும்’ பார்த்து மாறிய குடும்பங்கள் கொங்குப் பகுதியிலும் உண்டு. அவற்றில் புரோகிதர் மாட்டிக்கொள்வார், ஜமீன்தார் மாட்டிக்கொள்வார். டீக்கடையில் தனி டம்ளர் வைத்த பக்கத்து வீட்டுக்காரர் அவ்வளவாக மாட்டவில்லை. இது என் கருத்து, மறுப்பவர்கள் பிறகு சண்டைக்கு வரலாம்.

கடல் தாண்டியும் இதே சங்கடத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவில் லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்று ஒரு கறுப்பினப் பெண். வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதற்காக அவர் அப்பா நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. 1959இல், இருபத்தெட்டு வயதில், நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நாடகம் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் ஆனார். ‘எ ரெய்சின் இன் த சன்’ அந்த நாடகம். இறந்த அப்பாவின் 10,000 டாலர் காப்பீட்டுப் பணம், அதை வைத்து வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கத் துணிகிற அம்மா. நீங்கள் வர வேண்டாம், பணம் தருகிறோம் என்று பேரம் பேச ஆள் வருகிறான். திருப்பூரில் வாடகைக்கு வீடு கேட்டால் ‘நீங்க எந்த ஊரு, அங்க எந்தப் பக்கம்?’ என்று விசாரிப்பார்களே, அதே மரியாதையான குரல்தான். ஆனால் ஹான்ஸ்பெரி அந்த ஆளோடு நிற்கவில்லை. வீட்டுக்குள்ளேயே மகன் மீதிப் பணத்தைத் தொலைக்கிறான், ஒரு கட்டத்தில் அந்தப் பேரத்துக்கே இசையப் பார்க்கிறான். முப்பத்து நான்கு வயதில் அவர் இறந்துவிட்டார்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் இரட்டை டம்ளர் பற்றி ஒரு வீதி நாடகம் போட்டோம். எழுதியது நான். கடைக்காரனாக நடித்தவனுக்குத் திட்டு, நாயகனுக்குக் கைதட்டல். முடிந்து தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது ஓர் அக்கா வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. “நல்லாத்தான் இருந்துச்சுங்க தம்பி. ஆனா டீக்கடைக்கு நாங்க என்னைக்குங்க போனோம்? கம்பெனியில சூப்பர்வைசர் பேசறத வூட்ல வந்து சொன்னா, நீ என்ன பண்ணுனேன்னு எங்கூட்டுக்காரர் அடிக்கறாரு. அத எப்பங்க போடுவீங்க?” என்றார். அடுத்த நாடகத்தில் போடுவோம் என்றேன். போடவில்லை. கணவர் நம் தோழர், கூட்டத்துக்கு வருகிறவர்.

நம் மண்ணிலேயே எழுத ஏராளம் கிடக்கிறது. அண்ணமார் கதையை உடுக்கையோடு விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொன்னருக்கும் சங்கருக்கும் துணையாக நிற்கிற சாம்புவன் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன், விசுவாசமான பணியாள். அண்ணமாருக்குப் படுகளம் இருக்கிறது, எழுப்புகிற தங்கை இருக்கிறாள். சாம்புவனின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது? அவன் மனைவி என்ன சொல்லியிருப்பாள்? ‘பவளக்கொடி’யைக் குணசேகரன் கையில் எடுத்த மாதிரி, உங்களில் ஒருவர் இதை எடுக்கலாம். எழுதத் தெரியாது என்று சொல்லாதீர்கள். சிங்கர் மிஷினில் உட்கார்ந்தபடி நீங்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிற வேகத்துக்கு எந்த நாடகாசிரியரும் ஈடு கொடுக்க முடியாது. ஒத்திகைக்கு நேரம் இல்லை என்பது மட்டும் உண்மையான தடை. அதற்கு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர என்னிடமும் வழி இல்லை. ஆர்டர் நெருக்கடி வந்தால் அதுவும் போய்விடும்.

‘பலி ஆடுகள்’ பிரதி ஒன்றுதான் இருக்கிறது. ஆறு நகல் எடுத்து வந்திருக்கிறேன். டீ குடித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து வாசிப்போம். மனைவி பாத்திரத்தை முன்வரிசையில் இருக்கிற தங்கை கேட்டு வாங்கிக்கொண்டார். புரோகிதருக்கு மூன்று பேர் போட்டி. கணவன் பாத்திரத்துக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. பரவாயில்லை, அதை நான் வாசிக்கிறேன்.