தனி அலுவலர் ஆட்சியும் நம் கடமையும்



2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் விருத்தாசலம் நகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. வழக்கு, வார்டு மறுவரையறை எனக் காரணங்கள் கூறப்பட்டன. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிருவகித்தனர். மன்றம் இல்லாத காலத்தில் பிறர் இழந்தது உறுப்பினரை. நாமோ அரசியலமைப்பின் 243-டி பிரிவு அளித்த தனி இடங்களையும் இழந்தோம்.

சுற்றுப்புற ஊராட்சி மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிவுற்றது. எனினும், வாக்காளர் அனைவரும் கூடும் கிராம சபை கலைவதில்லை. அங்கு நாம் தவறாது செல்வோம்; குடிநீரும் தெருவிளக்கும் கேட்டுத் தீர்மானத்தில் பதியச் செய்வோம். வார்டு எல்லைகளின் வரைவு வெளிவந்தால் அன்றே படிப்போம். நம் தெரு துண்டாடப்பட்டிருப்பின் எழுத்து மூலம் ஆட்சேபிப்போம். கற்ற கல்வி அதற்கே பயன்படட்டும்!