ஒரு கட்டளை, இரு கருவிகள்

விஞ்ஞானம் அளித்த வசதிகள் சிலவேளைகளிற் சிறு பிணக்குகளையும் உடன்கொண்டு வந்துவிடுகின்றன. அத்தகைய பிணக்கு ஒன்றினையே இன்று ஆராய எண்ணுகின்றேன்.

எழுந்து நடமாட இயலாத மூதாட்டி ஒருவரின் கட்டில், வீட்டு மண்டபத்தின் ஒரு மூலையில் இடப்பட்டிருக்கின்றது என்று கொள்வோம். அவருக்கென மகன் சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி வைக்கின்றான். மண்டபத்தில் முன்னரே உள்ள பெட்டியும் அதே நிறுவனத்தார் செய்தது. பேரப்பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியைக் காணும்பொருட்டுத் தம் தொலையியக்கியை, அதாவது றிமோட் என நாம் வழங்கும் கைக்கருவியை, அழுத்துகின்றனர். ஆச்சி கேட்டுக்கொண்டிருந்த செய்தியும் உடனே மறைந்துவிடுகின்றது. ஆச்சி தம் கருவியை அழுத்தினால், பிள்ளைகளின் போட்டி மறைகின்றது. ஆச்சிக்குக் கை தடுமாறுகின்றது என்பர் சிலர். பெட்டி பழுது என்று திருத்துவோரிடம் தூக்கிச் செல்வர் வேறு சிலர். உண்மையிற் கையிலும் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை.

தவறான அழைப்புக்குச் செவிசாய்த்தல் இக்கருவிகளின் தொடக்க காலத்திலேயே தோன்றிய குறையாகும். அமெரிக்காவின் செனித் நிறுவனத்திற் பணியாற்றிய யூஜீன் பொலி என்பார் 1955 ஆம் ஆண்டில் ஒளிக்கற்றையால் இயங்கும் தொலையியக்கியை அமைத்தார். பெட்டியின் மீது வெயில் விழுந்தாலும் அது கட்டளையென மயங்கிற்று. மறு ஆண்டு, 1956 இல், அதே நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் அட்லரின் கருவி வெளிவந்தது. அதனுள் இருந்த அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியல் தட்ட, மனிதச் செவிக்கு எட்டாத கழியொலி பிறந்தது. ஆனால் திறப்புக்கோவை குலுங்கினாலும் பெட்டி சிலவேளை அதற்கு விடையளித்தது.

இக்காலத் தொலையியக்கிகளுட் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரினைப் பயன்படுத்துகின்றன. அக்கதிர் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கின்றது. வெயிலும் விளக்கொளியும் அவ்வாறு துடியாமையின், பழைய மயக்கம் பெரிதும் நீங்கிற்று. அத்துடிப்புகளின் தொகுதியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று முகவரி, மற்றையது கட்டளை. 1980களிற் பிலிப்ஸ் நிறுவனத்தார் வகுத்த ஆர்சி 5 என்னும் முறையில் 32 முகவரிகளும், ஒவ்வொன்றுக்கும் 64 கட்டளைகளும் இடம்பெற்றன. முகவரி 0 தொலைக்காட்சிக்கு உரியது. ஒரே வீட்டில் இரண்டாவது பெட்டியும் இருக்கக்கூடும் என முன்னுணர்ந்து, முகவரி 1 அதற்கென ஒதுக்கப்பட்டது.

வகுப்பிற் கமலா என்னும் பெயருடைய மாணவியர் இருவர் இருப்பின், ஆசிரியர் "கமலா" என்றழைத்ததும் இருவரும் எழுந்து நிற்பர். அவர்களைக் கண்டித்துப் பயனில்லை. தந்தையின் பெயரெழுத்தைச் சேர்த்து அழைத்தலே பரிகாரம். ஆச்சியின் மண்டபத்தில் நிகழ்வதும் இதுவே.

பரிகாரங்களை முறையாகக் காண்போம். முதலாவது, முகவரியை மாற்றுதல். ஒலிபெருக்கிகள், பதிவுக்கருவிகள் முதலிய பலவற்றில் இதற்கு வழியுண்டு. சோனி நிறுவனத்தார் தம் ஒளிநாடாப் பதிவுக்கருவிகளுக்கு 1, 2, 3 என மூன்று நிலைகளை அமைத்திருந்தனர். கருவியுடன் வரும் கைந்நூலில் தொலையியக்கிக் குறியீடு என்னும் பகுதியைத் தேடிப் பாருங்கள். கருவியிலும் தொலையியக்கியிலும் ஒரே எண்ணை அமைத்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால், கருவி எக்கட்டளைக்கும் அசையாது. பற்றரி மாற்றும்போது சில தொலையியக்கிகள் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். ஆதலின், அமைத்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவைத்தல் நன்று.

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் இவ்வசதி இராது. அங்கு இரண்டாவது பரிகாரம் உதவும். பெட்டியின் முன்புறத்தில் கதிரை ஏற்கும் சிறு கண் ஒன்று உண்டு. தடித்த அட்டையாற் சிறு கூடு செய்து, ஆச்சியின் கட்டிலை நோக்கிய பக்கம் மட்டும் திறந்திருக்குமாறு அக்கண்ணைச் சூழ ஒட்டுங்கள். மற்றைப் பெட்டிக்கும் எதிர்த்திசை நோக்கி அவ்வாறே செய்யுங்கள். கரிய பிளாஸ்திக்குத் தகடு நம் கண்ணுக்கு இருளாகத் தோன்றினும் இக்கதிரை உள்ளே விடக்கூடும். எனவே அட்டையே ஏற்றது. வெள்ளைச் சுவரிற் பட்டுக் கதிர் திரும்பி வருமாதலால், பெட்டிகளின் திசையையும் சற்று மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, வாங்குமுன் சிந்தித்தல். ஒரே அறைக்கு இரண்டாவது பெட்டி வாங்குவோர் வேறு நிறுவனத்தாரின் பெட்டியைத் தெரிதல் எளிய வழி. ஆயினும் நிறுவனம் வேறாயினும் முகவரி ஒன்றாய் அமைதல் உண்டு. விலை குறைந்த கருவிகளில் இது மிகுதி. இயலுமாயின் வீட்டுத் தொலையியக்கியைக் கடைக்கு எடுத்துச் சென்று, புதிய பெட்டியின் முன் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

நேயர்களே, இவை யாவும் ஓர் அட்டைத் துண்டோடும் அரைமணி நேரப் பொறுமையோடும் முடியும் காரியங்கள். ஆனால் அவற்றைச் செய்யாதவிடத்து நேரும் இழப்புச் சிறிதன்று. படுக்கையிலிருக்கும் முதியவருக்கு வெளியுலகைக் காட்டும் சாளரம் அப்பெட்டி ஒன்றே. அது தம் சொற்கேளாதபோது, தம் அறிவே தளர்ந்துவிட்டதோ என அவர் ஐயுறுகின்றார். அருகிலிருப்போரும் அதனை ஆமோதித்துவிட்டால், பிறகு அக்கருவியைத் தொடவே அஞ்சுகின்றார். ஆகவே, அடுத்த முறை ஆச்சி "நான் அழுத்தவில்லை" என்று சொன்னால், முதலில் அவரை நம்புங்கள். பின்னர் மண்டபத்தின் மறுகோடியில் எவர் கையில் தொலையியக்கி இருக்கின்றது என்று பாருங்கள்.